வீட்டு மொழியே ஏணி: பிள்ளைகளுக்குப் பல மொழி பயிற்றுவித்த வரலாறு

பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளியில் சேர்க்கும் காலம் வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் தவறாது எழும் ஒரு கேள்வி உண்டு. ஆறு வயதுப் பிள்ளை எத்தனை மொழிகளைத்தான் சுமக்கும்? பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் காத்திருக்கின்றன. மக்தபில் குர்ஆன் ஓத அரபி எழுத்து காத்திருக்கிறது. உருது பேசும் இல்லங்களில் அதுவும் சேர்ந்துகொள்கிறது. இச்சுமைக்கு அஞ்சி, சிலர் மக்தபை நிறுத்துகின்றனர். சிலர் ஆங்கிலத்திற்காக வீட்டுப் பேச்சையே மாற்றிக்கொள்கின்றனர். வேறு சிலரோ தமிழைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கின்றனர். இக்கேள்வி நமக்குப் புதிதன்று. நம் முன்னோரும் இதைச் சந்தித்தனர். அவர்கள் கண்ட விடையை வரலாற்றின் வழி நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லில் இரண்டு எழுத்து

உத்திரமேரூர் என்றவுடன் உலகம் குடவோலையை நினைக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகளில் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. அவற்றில் தமிழ்ச் சொற்கள் தமிழ் எழுத்திலும், வடமொழிச் சொற்கள் கிரந்த எழுத்திலும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரில் கற்றோர் இரு மொழிகளோடும் இரு எழுத்துகளோடும் பழகியிருந்தனர் என்பதற்கு அக்கல்லே சான்று. ஒன்றைக் கற்றால் மற்றொன்று கெடும் என்று அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

அக்கல்வெட்டில் ஒரு சிறுவனும் வருகிறான். குடத்திலிருந்து ஓலையை எடுத்துத் தர, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை அழைக்க வேண்டும் என்று சபையார் விதித்தனர். தேர்தலின் நேர்மைக்கு அவ்வறியாமை தேவைப்பட்டது. ஆனால் வகுப்பறையில் அமரும் பிள்ளைக்கு அது ஆகாது. தன் கையில் உள்ள ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் எழுத்தை மட்டும் ஒப்பிக்கும் பிள்ளை, எத்தனை ஆண்டு பயின்றாலும் குடத்தில் கைவிட்ட அச்சிறுவனைப் போன்றதே. மொழிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், பொருள் விளங்காத எழுத்தே பிள்ளைக்குப் பாரம். இதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

அரபுத் தமிழ் என்னும் ஏற்பாடு

வடமொழியை எழுதத் தமிழ்நாட்டார் கிரந்தத்தைக் கையாண்டனர். தமிழ் முஸ்லிம்களோ தம் தாய்மொழியாகிய தமிழையே அரபி எழுத்தில் எழுதினர். அதுவே அர்வி எனப்படும் அரபுத் தமிழ். ப, ங, ஞ, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. ஆகவே இருக்கும் எழுத்துகளோடு புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிப் புதிய வடிவங்களை அமைத்துக்கொண்டனர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் இம்முறை தழைத்தது.

இதனை வெறும் எழுத்து முறை என்று கருதுவது பொருந்தாது. இது ஒரு பயிற்று முறையுமாகும். குர்ஆன் ஓதுவதற்காக மக்தபில் அரபி எழுத்தைக் கற்ற பிள்ளை, அதே எழுத்தைக் கொண்டு தன் தாய் பேசும் தமிழைப் படித்தது. நேற்றுவரை ஒலியாக மட்டும் இருந்த எழுத்து, இன்று பொருள் தந்தது. பள்ளிக்கூடம் எட்டாத காலத்தில் வீட்டுக்குள் இருந்த பெண்மக்களும் இவ்வழியிலேயே படிக்கவும் கடிதம் எழுதவும் கற்றனர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று அன்போடு அழைக்கப்படும் கீழக்கரை ஸய்யித் முஹம்மத் ஆலிம் (1816–1898) அவர்கள் அரபியில் பெரும் புலமை பெற்றிருந்தும், மார்க்கச் சட்டங்களைப் பொதுமக்களுக்கு விளக்க அரபுத் தமிழிலேயே நூல்கள் இயற்றினார்கள். மக்கள் அறிந்த மொழியின் வழியேதான் அறியாத ஒன்றுக்கு அவர்களை அழைத்துச் செல்ல முடியும் என்பதே அப்பணியின் அடிப்படை.

அதே வேளையில் தமிழ் எழுத்தையும் தமிழ்ப் புலமையையும் நம்மவர் கைவிட்டுவிடவில்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர். அந்நூலுக்கு வேண்டிய அரபி மூலச் செய்திகளை ஆலிம்களிடம் கேட்டறிந்தே பாடினார் என்பது வழிவழி வந்த செய்தி. முஸ்லிம் அல்லாத ஆசிரியரிடம் தமிழும், ஆலிம்களிடம் சரித்திரமும் பெற்று ஒரு காப்பியம் உருவாயிற்று.

அரபுத் தமிழுக்கு ஓர் எல்லையும் இருந்தது. அச்சுக்கூடமும் அரசுப் பள்ளியும் செய்தித்தாளும் பெருகிய பின்னர், அவ்வெழுத்தை மட்டும் அறிந்தவர் பத்திரத்தையோ மனுவையோ தாமே படிக்க இயலாமல் நின்றனர். இருபதாம் நூற்றாண்டில் அவ்வழக்கு மெல்ல மறைந்தது. வீட்டு மொழி ஏணியாக இருக்க வேண்டுமேயன்றி, ஏறிச் செல்ல விடாத வேலியாக ஆகிவிடக்கூடாது என்பது அம்மறைவு நமக்குத் தரும் பாடம்.

திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826இல் அவர் தொகுத்துரைத்தபடி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அக்காலத்தில் மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரி மாவட்டத்தின் ஆட்சியர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை நம் கருத்துக்கு மிகவும் உரியது. அம்மாவட்டத்தின் 533 பள்ளிகளில் கன்னடத்திற்கு 235, தெலுங்கிற்கு 226, மராத்திக்கு 23, வடமொழிக்கு 23, பாரசீகத்திற்கு 21, தமிழுக்கு 4, ஆங்கிலத்திற்கு 1 என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒரே மாவட்டத்தில் ஏழு மொழிகள்! பல மொழிச் சூழல் நம் நாட்டிற்கு நேற்று வந்ததன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அதே கேம்ப்பெல் ஒரு குறையையும் சுட்டினார். பேச்சு வழக்கிலிருந்து வெகுவாக விலகிய செய்யுள் நடையைப் பிள்ளைகள் பொருள் அறியாமலே மனனம் செய்கின்றனர் என்பதே அக்குறை. அத்துடன் மூத்த மாணவர் இளையோருக்குச் சொல்லித்தரும் முறையை அவர் பாராட்டினார். நம் திண்ணைப் பள்ளிகளில் அப்பொறுப்பை ஏற்றவரே சட்டாம்பிள்ளை. சென்னை எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் இல்லத்தில் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. இரு மொழியும் அறிந்த மூத்த பிள்ளை ஒன்று, வீட்டு மொழி மட்டும் அறிந்த சிறு பிள்ளையின் அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பதற்கு இன்றும் செலவு ஏதும் இல்லை.

கண்டியிலிருந்து ஒரு குரல்

தமிழ் பேசும் முஸ்லிம்களின் தொடக்கக் கல்விக்காகக் கடல் கடந்து இலங்கையில் உழைத்த ஒருவரை இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியாது. கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை (1838–1898) அவர்களே அவர். பிள்ளைகளின் மார்க்கம் கெட்டுவிடும் என்று அஞ்சி, மிஷனரிமார் நடத்திய ஆங்கிலப் பள்ளிகளைச் சமுதாயம் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அவ்வச்சத்தை அவர் ஏளனம் செய்யவில்லை. அஞ்சத் தேவையில்லாத பள்ளிகளை அமைக்க முற்பட்டார். 1882இல் தாம் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ இதழின் வாயிலாகக் கல்வியின் அவசியத்தை இடைவிடாது எடுத்துரைத்தார். 1884இல் கொழும்பில் எழுந்த அவருடைய மத்ரஸா, 1892இல் தொடங்கிய ஸாஹிரா கல்லூரிக்கு முன்னோடியாயிற்று. பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். அரபி, தமிழ், ஆங்கிலம், சிங்களம் ஆகியவற்றை நம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஓதுவதற்கும், உள்ளத்தை உரைப்பதற்கும், அரசுடன் பேசுவதற்கும், அண்டை வீட்டாருடன் வாழ்வதற்கும் மொழி வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

சட்டமும் வகுப்பறையும்

மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்வி கிடைக்க அரசுகள் வசதி செய்ய வேண்டும் என்று 1956இல் அரசியலமைப்பில் 350ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. இம்மண்ணில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனினும் உருது, தெலுங்கு முதலிய மொழிகளில் பயின்ற மாணவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வை நெருங்கியபோது, தங்கள் பள்ளிகளில் போதிய தமிழாசிரியர்கள் இல்லை என்ற முறையீடு எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விலக்கு கிடைத்தது. விலக்கினால் அவ்வாண்டின் தேர்வைக் கடக்கலாம். ஆனால் தமிழ் அறியாமல் வெளியேறும் பிள்ளை, பின்னர் அலுவலகங்களிலும் வேலை தேடும் இடங்களிலும் தவிப்பதை அது தடுக்காது. ஒன்றாம் வகுப்பிலேயே உருதுவும் தமிழும் அறிந்த ஓர் ஆசிரியர் இருந்திருந்தால், பத்தாம் வகுப்பில் நீதிமன்றப் படி ஏறும் தேவை எழுந்திராது.

ஆய்வாளர்களும் இதையே கூறுகின்றனர். பிள்ளைக்குத் தாய்மொழியே சிறந்த தொடக்கம் என்று யுனெஸ்கோ 1953இல் வெளியிட்ட நூல் வலியுறுத்தியது. ஒரு மொழியில் பெறும் படிப்புத் திறன் அடுத்த மொழிக்கும் துணை செய்யும் என்று கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் எடுத்துரைத்தார். தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையறிந்து பிரித்துக் கற்பித்ததும் இவ்வழியில் வைத்து எண்ணத்தக்கதே. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் அதனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

மனிதரின் மொழிகள் வெவ்வேறாக இருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகச் சூரா ரூம் எடுத்துக்காட்டுகிறது. நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி இளைஞராயிருந்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை மிகக் குறைந்த நாள்களில் கற்றுத் தேர்ந்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். இவ்வழி வந்த நாம் பிறமொழியைக் கண்டு அஞ்சலாமா?

பெற்றோர்களே! தமிழோ உருதோ, உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பிள்ளையுடன் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். அரைகுறை ஆங்கிலத்திற்காக வீட்டு மொழியைப் பறிகொடுத்தால், பிள்ளைக்கு இரண்டுமே நிலைக்காது. உஸ்தாதுமார்கள் சிறு சூராக்களை ஓதிக்கொடுக்கும்போதே அவற்றின் கருத்தைப் பிள்ளை அறிந்த மொழியில் இரண்டு வாக்கியமாவது சொல்லட்டும். பள்ளி ஆசிரியர்கள், வீட்டுச் சொல்லைப் பேசும் பிள்ளையைக் கடியாமல், அச்சொல்லுக்கு நிகரான பாடச்சொல்லை எடுத்துக்கொடுக்கட்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளை நாடி வடமாநிலங்களிலிருந்து வந்திருப்போரின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நம் பிள்ளைக்கு வேண்டும் என்று நாம் கேட்பதை, அவர்தம் பிள்ளைக்கும் விரும்புவதே முறை.

எழுத்தை அறிந்து, அதன் பொருளையும் உணர்ந்த தலைமுறை நம் இல்லங்களில் உருவாக எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.