பெயர் மாறின நரி

எங்கட பட்ச் நண்பன் ஒருத்தனின் பழைய லப்டொப்பில் ஒருநாள் சும்மா டெபியன் 7 போட்டுப் பார்த்தோம். சீனியர் அண்ணா ஒருத்தர் தந்த டிவிடி. இன்ஸ்டோல் முடிந்ததும் முதலில் தேடியது பயர்பொக்ஸை. மெனு முழுக்கத் தேடியும் ஆளைக் காணேல்லை. அங்கே இருந்தது 'ஐஸ்வீசல்' எண்டொரு பிரவுசர். திறந்தால் உள்ளே எல்லாம் அச்சொட்டாகப் பயர்பொக்ஸ். "இது டூப்ளிகேட்டடா, பாஸ்வேர்ட் ஒண்டும் அடிச்சிடாத" எண்டான் ஒருத்தன்.

பிறகு தேடி வாசித்தோம். அது டூப்ளிகேட் இல்லை. பத்து வருஷம் நீடித்த ஒரு கொள்கைச் சண்டையின் மிச்சம்.

விண்டோஸில் பிரவுசர் வேணும் எண்டால், அதைச் செய்தவர்களின் தளத்துக்கே போய் இறக்குவோம். டெபியனில் அப்படியில்லை. மொசில்லா எழுதிய நிரலை டெபியனின் தன்னார்வலர்கள் எடுத்து, தங்கட முறைக்கு ஏற்பத் திருத்திக் களஞ்சியத்தில் வைப்பார்கள். நாங்கள் ஒரு வரிக் கட்டளையில் அதை எடுத்துப் போடுவோம். இடையில் இன்னொருவரின் கை இருக்கு. சண்டை தொடங்கியதே அந்தக் கையில்தான்.

1998 மார்ச்சில் நெட்ஸ்கேப் தன் பிரவுசரின் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதன் வழியில் வந்த பயர்பொக்ஸ் 1.0 வெளியானது 2004 நவம்பர் 9. நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் 'பயர்பொக்ஸ்' என்ற பெயரும் அந்த நரி லோகோவும் மொசில்லாவின் வர்த்தக முத்திரை.

டெபியன் 1993இல் இயன் மர்டொக் தொடங்கியது. 1997இல் அது தனக்கு விதிகள் எழுதி வைத்தது. அதன்படி, டெபியனுக்கு மட்டும் தரப்படும் சலுகை போதாது. டெபியனிலிருந்து எடுத்துப் பாவிக்கிறவர்களுக்கும் அதே உரிமை வேண்டும். லோகோவின் உரிமம் அதற்குப் பொருந்தவில்லை. அதனால் லோகோவை விட்டுவிட்டு, பெயரை மட்டும் பாவித்தார்கள். 2006இல் மொசில்லா மறுத்தது: பெயர் வேணும் எண்டால் லோகோவும் வேணும், செய்யும் மாற்றங்களுக்கு எங்கட சம்மதமும் வேணும்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. யாராவது உளவு நிரலைச் செருகி 'பயர்பொக்ஸ்' எண்டு விநியோகித்தால், மொசில்லாவிடம் இருக்கிற ஆயுதம் அந்தப் பெயர்தான். டெபியனோ ஒரு பதிப்பை வருஷக்கணக்கில் மாற்றாமல் காப்பாற்றும். மொசில்லா கைவிட்ட பழைய பதிப்பின் பாதுகாப்பு ஓட்டைகளையும் அதுவே அடைக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அனுமதிக்குக் காத்திருக்க ஏலாது.

தீர்வு டெபியனின் விதிகளுக்குள்ளேயே இருந்தது. மாற்றின நிரலுக்கு வேறு பெயர் வைக்கச் சொல்லிக் கேட்க மூல ஆசிரியருக்கு உரிமை உண்டு எண்டு அவை ஒத்துக்கொள்கின்றன. ஆகவே பெயரை மாற்றினார்கள். நெருப்புக்குப் பனி, நரிக்குக் கீரி மாதிரியான வீசல். 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0இல் ஐஸ்வீசல் இருந்தது. தண்டர்பேர்டும் ஐஸ்டவ் ஆனது. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டு மட்டும் மொசில்லாவோடு உடன்பட்டு, பயர்பொக்ஸ் என்ற பெயரையே வைத்துக்கொண்டது.

2012இல் மொசில்லா நீண்டகால ஆதரவுள்ள ஈஎஸ்ஆர் பதிப்பைத் தொடங்கியது. பழைய பதிப்போடு டெபியன் தனியே மல்லுக்கட்டத் தேவையில்லாமல் போனது. டெபியனின் மாற்றங்கள் தரத்தைக் கெடுக்கவில்லை எண்டு மொசில்லா பக்கமும் ஏற்றுக்கொண்டது. 2016இல் பயர்பொக்ஸ் டெபியனுக்குத் திரும்பி வந்தது.

இதை இப்போ ஏன் கிளறுகிறோம்? 2022இல் வந்த உபுண்டு 22.04இல் வழமையான 'ஆப்ட்' கட்டளையால் பயர்பொக்ஸ் போட்டால், வருவது வழமையான டெப் பொதி இல்லை. அந்தக் கட்டளை பின்னால் ஸ்னப் பொதியை இறக்கிவிடும். அதற்கும் காரணம் சொன்னார்கள்: புதுப்பிப்பு நேரே மொசில்லாவிடமிருந்து வரும், பாதுகாப்புக் கூடும். இருக்கலாம். ஆனால் கட்டளை பழசு, பெயர் பழசு, வருவது வேறு. டெப் பொதிதான் வேணும் எண்டவர்களுக்கு 2024இல் மொசில்லாவே தனிக் களஞ்சியம் திறந்தது.

டெபியன் செய்தது நேர் எதிர். உள்ளே கைவைத்ததால் வெளியே பெயரையே மாற்றிச் சொன்னது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் டூப்ளிகேட் எண்டு பயந்தோம். இப்போ யோசித்தால், அண்டைக்கு அந்த லப்டொப்பில் தான் யார் என்பதை ஒளிக்காமல் சொன்னது அந்த வீசல்தான்.

நண்பனின் லப்டொப்பில் இப்போ புது டெபியனும் பயர்பொக்ஸ் ஈஎஸ்ஆரும் ஓடுது. களஞ்சியத்தில் இருந்த தமிழ் மொழிப் பொதியையும் போட்டுவிட்டோம். ஒரு கட்டளை அடிக்க முதல், அது எங்கிருந்து எதைக் கொண்டுவருது எண்டு பார்க்கிற பழக்கம் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.