திருவையாற்று ஆராதனையும் மூன்று கட்சிகளும்

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, மராட்டிய மன்னர் ஆண்ட தஞ்சைச் சீமையில் வாழ்ந்து, 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் திருவையாற்றில் மறைந்த தியாகராஜருக்கு அவ்வூரில் எடுக்கப்படும் ஆராதனை, பல வட்டாரத்து இசைவாணர்கள் ஒன்றுகூடும் விழாவாக இன்று அறியப்பட்டாலும், அதன் முதல் முப்பது ஆண்டுகள் பெரிதும் பிணக்கிலேயே கழிந்தன.

அவருடைய சீடர் வழியில் உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று ஊர்ப்பெயரால் வழங்கும் மூன்று பரம்பரைகள் கிளைத்தன. ஒரே கீர்த்தனையை ஒவ்வொன்றும் தனக்கே உரிய பாடாந்தரத்தில், அதாவது குருவிடம் கேட்டுப் பாடம் செய்த வடிவில், பாடிவந்தது. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் சிதைந்து கிடந்த சமாதியைப் புதுப்பித்தனர். அதன் பின்னர் ஆராதனையை முன்னின்று நடத்திய தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும் உடன்பிறந்தவர்களாயிருந்தும் பிரிந்துவிடவே, பெரிய கட்சி, சின்ன கட்சி என விழா இரண்டாயிற்று. சின்ன கட்சியார் ஆராதனை நாளில் முடியும்படியும் பெரிய கட்சியார் அந்நாளில் தொடங்கும்படியும் கச்சேரிகளை அமைத்துக்கொண்டனர். பெண்கள் பாட இரண்டிலும் இடமில்லை.

மைசூர்ச் சீமையின் நஞ்சன்கூட்டில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், தம் பொருளைச் செலவிட்டுச் சமாதியைச் சூழ்ந்த நிலத்தை வாங்கிக் கோயில் எழுப்பி 1926இல் குடமுழுக்கும் செய்வித்தார். ஆயினும், கட்டியவரே முன்புறத்தில் பாட முடியாத நிலையில், கோயிலின் பின்புறத்தில் பெண்கள் கட்சி என்ற மூன்றாவது விழா எழுந்தது. 1940களின் தொடக்கத்தில், ஐ.சி.எஸ். அதிகாரி எஸ். ஒய். கிருஷ்ணசாமி முதலியோரின் முயற்சியால் மூன்றும் ஒரே விழாவாயின.

இந்த இணைப்பின் கண்கூடான வடிவம் பஞ்சரத்தினக் கோஷ்டிகானம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்த, முதலாவது சமஸ்கிருதத்திலும் மற்றவை தெலுங்கிலும் உள்ள, ஐந்து கீர்த்தனைகளை வித்துவான்கள் வரிசையாக அமர்ந்து ஒரே சுருதியில் பாடும்போது, வீட்டிலும் மேடையிலும் விட்டுக்கொடுக்காத தத்தம் பாடாந்தரத்தை அந்த ஒரு வேளைக்கேனும் ஒதுக்கிவைத்துப் பொதுவான சங்கதிகளுக்கு இசைய வேண்டியிருந்தது. மேலிடத்து ஆணையால் ஒருபோதும் கைகூடியிராத இணக்கம் இது.

ஆனால் பாடாந்தர வேறுபாட்டுக்குக் கிடைத்த இடம் மொழி வேறுபாட்டுக்குக் கிடைக்கவில்லை. 1946இல் தண்டபாணி தேசிகர் அங்கே தமிழ்ப் பாட்டொன்று பாடியதால் மேடையின் தூய்மை கெட்டதாகப் பேச்செழ, ‘குடி அரசு’ இதழ் அதைக் கடுமையாகக் கண்டித்தது. தியாகராஜர் சந்நிதியில் அவர் பாடல்களே ஒலிக்க வேண்டும் என்பது நியாயமான மரபுதான். தூய்மைப் பேச்சுக்கோ அந்த நியாயம் கிடையாது. திருப்பாவைக்கு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் இசையமைத்துக் கச்சேரிகளில் பரப்பிய காலத்தில், தமிழ்ப் பாட்டு வித்துவான்களுக்கு அயலானதென்று சொல்லவும் இயலாது.

இப்பூசல் எழுமுன்பே, 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டின் தொடர்ச்சியாக, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியிருந்தது. தமிழ்ப் பாடல்களுக்கு முதலிடம் தரும் இசை விழாக்களை அது ஆண்டுதோறும் நடத்திவர, திருவையாற்றில் தியாகராஜர் கீர்த்தனைகளைப் பாடிய வித்துவான்களில் பலர் அங்கும் சென்று பாடலாயினர்.