பழவேற்காட்டுக் கைலி



மாலையில் வேலை முடிந்து குளித்ததும் நம் வீட்டு ஆண்கள் இடுப்பில் கட்டுவது கைலி. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரரும் அதையே கட்டுகிறார். அவர் அதைக் ‘காயின் பெலிக்காட்’ என்பார். கிள்ளான் துணிக்கடைகளில் நாமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறோம். பெலிக்காட் என்பது ஓர் ஊர். சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் சேருமிடத்தில் உள்ள பழவேற்காடுதான் அது.

போர்த்துக்கீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்கள். மறு ஆண்டு அங்கு வந்த தோமே பிரெஸ் என்பவர், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்களில் துணி வந்து இறங்குவதை எழுதி வைத்திருக்கிறார். கிராம்பும் சாதிக்காயும் விற்ற தீவுக்காரர்கள் காசைவிடத் துணியையே விரும்பினார்கள். இதை அறிந்த டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டி அமர்ந்தார்கள்.

துணிக்குத் துறைமுகத்தின் பெயர் வந்தது. நெய்தவர் பெயர் வரவில்லை. அவர்கள் உள்நாட்டுச் சிற்றூர்களில் இருந்தார்கள். விடியுமுன்பே பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். பெண்கள் இராட்டையில் தார் சுற்றுவார்கள். நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதிகட்டையை மிதித்து, நாடாவை இப்படியும் அப்படியும் ஓட்டுவார். நெய்யுமுன்பே நூலுக்குச் சாயவேரால் சிவப்பும் அவுரியால் நீலமும் ஏற்றிவிடுவார்கள். கைலியின் கட்டம் அச்சடித்ததன்று. எண்ணி வைத்த வண்ண இழைகள் பாவிலும் ஊடையிலும் சந்திப்பதுதான். ஆகவே இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். மழை பெய்தால் தெருவில் பாவு விரிக்க முடியாது, குழியிலும் தண்ணீர். மழை நாளில் பால்மரம் வெட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வணிகர் முன்பணம் கொடுப்பார். துணி கொடுத்துக் கழிக்க வேண்டும். கங்காணியின் முன்பணத்தில் கப்பலேறிய நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த கணக்குத்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நெசவாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் போகலாம், ஊரைவிட்டே நகரலாம். அந்த வழியை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கும்பினி அடைத்தது.

அதற்கு முன்பும் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. 17-ஆம் நூற்றாண்டின் பஞ்சங்களில் மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றார்கள். டச்சுக்காரர்கள் அவர்களை வாங்கி, துணி போன அதே துறைமுகத்திலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றினார்கள். வரலாற்றுப் பாடத்தில் கிராம்பு வணிகத்தைப் படிக்கும் நம் பிள்ளைகள் இதையும் அறிய வேண்டும்.

1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்த ஓர் உடன்படிக்கையால் மலாக்காவும் பழவேற்காடும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. அந்த நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஆலைத் துணி மலிவாக வந்து இறங்கியது. பல தறிகள் நின்றன. நெசவாளர் சிலர் மண்வெட்டி பிடித்தார்கள். சிலர் கடல் கடந்தார்கள். இன்று நம் கடைகளில் உள்ள பெலிக்காட் பெரும்பாலும் இயந்திரத் தறியில் நெய்தது.

பெலிக்காட் எங்கே இருக்கிறது என்று என் வகுப்பில் கேட்டேன். “பேராக்கில்” என்றான் ஒரு பையன். படத்தில் வங்கக் கடலுக்கு அப்பால் விரல் வைத்துக் காட்டினேன். “அவ்வளவு தூரமா, சார்?” என்றான்.