பலகைத் தரையின் முனகல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மலாய் மக்களிடமும் இதே பழமொழி உண்டு. ஆடத் தெரியாதவன் 'லந்தாய் ஜொங்காங்-ஜொங்கெட்' என்று குறை சொன்னானாம். லந்தாய் என்றால் தரை. ஜொங்காங்-ஜொங்கெட் என்றால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குவது. கருத்து ஒன்றுதான், தரைதான் வேறு. நம் பழமொழியின் கூடம் கோணலாக இருக்கலாமே தவிர, அசையாது. அது மண்ணைக் கொட்டி இடித்துச் சாணமிட்டு மெழுகிய தரை. மலாய்ப் பழமொழியின் தரையோ கால் வைத்தால் ஆடும். ஏனெனில் அது பலகை. மண் தரையில் நடந்து பழகிய நம் முன்னோர் இந்த நாட்டுப் பலகைத் தரையில் எப்படி ஏறினார்கள், அந்தத் தரை ஏன் 'கிறீச்' என்று கத்தியது, அதை எப்படி அடக்குவது என்பதை இன்று பார்ப்போம்.

மலாக்கா நகரிலிருந்து மூவாருக்குப் போகும் பழைய கரையோரச் சாலையில் உம்பாய், செர்காம், மெர்லிமாவ் என்று ஊர்கள் வருகின்றன. மெர்லிமாவில் 1894ஆம் ஆண்டில் ஊர்த்தலைவர் பெங்ஹூலு அப்துல் கனி கட்டிய மர வீடு பலரும் அறிந்தது. அங்கே போகிறவர்கள் வண்ண ஓடுகள் பதித்த படிக்கட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். நமக்கு வேண்டியது அதன் மேலே உள்ள தரை. தரைக்குக் கீழே உள்ள மர வேலை.

பழைய மலாய்த் தச்சர்கள் சட்டங்களை ஆணியடித்து இணைப்பதை விரும்பவில்லை. தூணில் துளையிட்டு, அதில் உத்தரத்தைச் செருகி, இடைவெளியில் ஆப்பு இறுக்கினார்கள். இந்தப் பொருத்து வேலைக்குத் தங்காம் என்றும், ஆப்புக்குப் பாஜி என்றும் பெயர். மரம் காய்ந்து சுருங்கி வீடு தளர்ந்தால், ஆப்பை மீண்டும் தட்டி இறுக்கிவிடலாம். மரம் ஒருநாள் சுருங்கும் என்பதைக் கட்டும்போதே எண்ணிப் பார்த்த வேலை இது. சமையற்கட்டில் நிபோங் பனையின் சிராய்களை இடைவெளி விட்டுப் பரப்புவதும் உண்டு. காற்று மேலே வரும். கழுவிய நீர் கீழே போய்விடும்.

மெர்லிமாவ் வீடு எழுந்து இரண்டே ஆண்டுகளில், 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். 1898இல் குனோங் லேடாங் அடிவாரத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் தொடங்கினார். பால்மரம் பரவப் பரவ ஆட்கள் தேவைப்பட்டனர். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பின்னரும், கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்தார்கள். வந்தவர்களுக்கு லயங்கள் வேண்டும். விரைவாகவும் வேண்டும், மலிவாகவும் வேண்டும். தரையோடு தரையாகச் சிமெண்டு போட்ட லயங்களும் இருந்தன. ஆனால் ஈரத்துக்கும் நோய்க்கும் அஞ்சிக் கால்கள் மேல் உயர்த்திய பலகை லயங்களில் குடியேறியவர்கள் ஏராளம்.

இங்கே ஒரு சிறு பொருளின் வரலாற்றையும் சொல்ல வேண்டும். அது ஆணி. கொல்லன் உலையில் அடித்த பழைய ஆணி நான்கு பட்டையாக, நுனி நோக்கி மெலிந்து இருக்கும். மரத்தை நன்றாகப் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திரத்தில் செய்த கம்பி ஆணி உலகமெங்கும் மலிவாகப் பரவிற்று. இது உருண்டை, வழவழப்பானது. நம் தோட்டங்கள் பிறந்த காலமும் கம்பி ஆணி பரவிய காலமும் ஒன்றே. சரியாகக் காயாத பலகையைக் கம்பி ஆணியால் அடித்தால் என்ன ஆகும்? சில மாதங்களில் பலகை காய்ந்து சுருங்கும். ஆணிக்கும் துளைக்கும் இடையே மயிரிழை இடைவெளி விழும். பலகைக்கும் அதன் கீழுள்ள தாங்குகட்டைக்கும் இடையேயும் விழும். காலை வைத்தால் பலகை ஆணியை உரசிக்கொண்டு இறங்கும். எடுத்தால் உரசிக்கொண்டு ஏறும். அந்த உரசல்தான் கிறீச்சொலி. ஆப்பு வைத்த வீட்டைப்போல் இதை மீண்டும் இறுக்க வழி வைத்துக் கட்டவில்லை.

நாம் பிறந்து வளர்ந்த லயத்தில் இந்த ஒலிக்குத் தனி இடமே இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா விளக்கேற்ற எழுந்தால் மூன்றாவது பலகை கத்தும். தொட்டிலில் பிள்ளை விழித்துக்கொள்ளும். சுவருக்கு அந்தப் பக்கத்து அத்தை, "பெரட்டுக்கு நேரமாயிட்டுதா, அண்ணி?" என்று குரல் கொடுப்பார். பெரட்டு மணிக்கு முன்பே லயத்தை எழுப்பிவிட்ட பலகை அது. கிராணியிடம் சொன்னோம். பல மாதம் கழித்துத் தோட்டத்து ஆசாரி வந்து, அதே ஆணியை அதே துளையில் ஓங்கி அடித்துவிட்டுப் போனார். பத்து நாளில் பழைய பாட்டே திரும்பிவிட்டது.

பக்கத்துக் கம்பத்தில் வீடு கட்டும் மலாய்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். பாச்சிக் என்றுதான் எல்லோரும் அழைப்போம். அப்பா கேட்டபோது, ஆணியை விட்டுவிட்டு இடைவெளியைப் பார் என்றாராம். லயத்தின் அடியில் குனிந்து நுழைந்து, அப்பாவை மேலே நடக்கச் சொல்லிக் காதால் கேட்டே இடத்தைக் கண்டுபிடித்தார். மெல்லிய ஆப்பு ஒன்றைச் சீவிப் பலகைக்கும் கட்டைக்கும் நடுவே கையாலேயே செருகினார். ஒலி நின்றது. மறுவாரம் அப்பா இன்னும் நான்கு ஆப்புகள் வைத்தார். அதற்குக் கிடைத்தது திட்டு. கம்பெனி வீட்டில் கை வைக்க உன்னை யார் சொன்னது என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வி நம்மை இன்றும் உறுத்துகிறது. தரையைத் துடைத்தவர்கள் நாம். அதில் பிறந்தவர்கள் நாம். இறந்தவர்களைக் கிடத்தியதும் அதே பலகையில்தான். ஆனால் அதில் ஓர் ஆணி அடிக்க உரிமை இல்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் தரத்தைப் பற்றி 1966இல் சட்டம் வந்தது. 1990இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இச்சட்டங்கள் வீட்டின் தரத்தைக் கேட்டன; வீடு யாருடையது என்று கேட்கவில்லை. அப்பா ஓய்வு பெற்று லயத்தைக் காலி செய்த நாளில், அந்த ஆப்புகளைப் பிடுங்கிவிடலாமா என்று தங்கை கோபத்தோடு கேட்டாள். அப்பா ஒப்பவில்லை. அடுத்து வருகிற வீட்டிலும் பிள்ளை தூங்குமே என்றார்.

இன்று பலரும் சொந்த வீட்டில் இருக்கிறோம். பழைய பலகை வீட்டை வாங்கியவர்களும் உண்டு. தரை கத்துகிறது என்று பலகையைப் பெயர்த்துச் சிமெண்டு கொட்டுவதற்கு முன் சற்றுப் பொறுக்கலாம். வீடு கால்கள் மேல் நின்றால் வேலை எளிது. ஒருவர் மேலே மெதுவாக நடக்க, ஒருவர் கீழே கேட்கட்டும். இடைவெளி தெரிந்தால், பசை தடவிய மெல்லிய ஆப்பைச் செருகுங்கள். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பலகை தூக்கிக்கொண்டு பக்கத்தில் புதிய ஒலி பிறக்கும்; நமக்கு அனுபவம் உண்டு. கீழே போக முடியாத வீட்டில் மேலிருந்து திருகாணி போடலாம். ஓரங்குலப் பலகைக்கு இரண்டங்குலத் திருகாணி போதும். பழைய ஆணித் தலைகளின் வரிசையே தாங்குகட்டை எங்கே ஓடுகிறது என்று காட்டிவிடும். செங்கால், கெம்பாஸ் போன்ற கடின மரத்தில் முதலில் துளையிடாவிட்டால் பலகை பிளந்துவிடும். திருகாணி கிடைக்காவிட்டால் இரண்டு ஆணிகளை எதிரெதிர்ச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தது போல எளிதில் எழும்பாது. பலகையும் பலகையும் உரசினால், அந்தச் சந்தில் முகமாவைத் தூவினாலோ மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலோ சில காலம் அடங்கும்.

ஜப்பானில் கியோத்தோ நகரத்து நிஜோ கோட்டையில் நடந்தால் பறவை கூவுவது போல் ஒலிக்கும் தரை இருக்கிறது. திருடன் வந்தால் காட்டிக்கொடுக்கவே அப்படிச் செய்தார்கள் என்று கதை சொல்வார்கள். காலப்போக்கில் ஆணியும் பற்றிரும்பும் தளர்ந்து உரசுவதால் வரும் ஒலிதான் அது என்பதே இன்றைய விளக்கம். அரசன் வீடானாலும் லயமானாலும் காரணம் ஒன்றுதான் போலும்.

கிறீச் என்றால் மரம் நன்றாக இருக்கிறது, பிடிதான் தளர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மொத்தென்று மந்தமாக ஒலித்து, கால் சற்றே அமிழ்ந்தால் அஞ்ச வேண்டும். பேனாக்கத்தி நுனியால் தாங்குகட்டையைக் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே போனால் கரையானோ ஈரமோ தின்றிருக்கிறது. அங்கே ஆப்பும் திருகாணியும் உதவா. அழுகிய பகுதி சிறிதானால், அதை நீக்கி, அதன் இருபுறமும் நல்ல மரம் வரை நீளும் புதிய கட்டையைப் பக்கத்தில் சேர்த்து முடுக்கலாம். பெரிதானால் ஆசாரியை அழையுங்கள். அதுவரை அந்த இடத்தில் பிள்ளைகளை ஓடவிட வேண்டாம்.