அட்டை மட்டும் மிச்சம்

2008. இறுதியாண்டில் நாங்கள் எடுத்த பேய்ப்பட டிரெய்லர் இரண்டே நிமிடம். விளம்பரத்துக்காக, அச்சு அசலாக ஒரு சினிமாப் பத்திரிகை அட்டை தயாரித்தோம். "பேயைக் காட்டாதீங்கடா, கண்ணை மட்டும் காட்டுங்க" என்றான் அறை நண்பன். தன் கண்ணையே படம் பிடிக்கக் கொடுத்தான். ஓரத்தில் விலை ரூ.10! மெஸ் வாசலில் ஒட்டியதும், "எந்தக் கடையில கிடைக்கும்ணே?" என்றார்கள் ஜூனியர்கள்.

இது புது உத்தியல்ல. அமெரிக்காவில் 1958-ல் தொடங்கிய 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' பத்திரிகைக்கு, பேசில் கோகோஸ் வரைந்த அட்டை முகங்களே அடையாளம். லான் சேனி நடித்து 1927-ல் வந்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' படச்சுருள் தொலைந்துவிட்டது; அந்தப் பேய்ச்சிரிப்பு புகைப்படங்களில்தான் வாழ்கிறது.

எங்கள் டிரெய்லரும் ஹார்ட் டிஸ்கோடு போயிற்று. நண்பனும் இன்று இல்லை. அட்டை இருக்கிறது. சந்திப்புக்குக் கொண்டு வருகிறேன். அந்தக் கண்ணை ஒருமுறை பாருங்கள்.