நுளம்பின்ர இரத்தத்துக்குள் நடக்கும் சண்டை

நுளம்பை அடிச்சால் கையில் ஒட்டுற சிவப்பு எங்கட இரத்தம். நுளம்பின்ர சொந்த இரத்தம் கிட்டத்தட்ட நிறமற்றது. நாளங்களுக்குள் அடைபடாமல் உடற்குழி முழுக்க நிரம்பி நிற்பது. அதில் மிதக்கும் கலங்களுக்கு ஹீமோசைட் என்று பெயர். கிருமி நுழைந்தால் சில கலங்கள் அதை விழுங்கும். வேறு சில சுரக்கும் நொதிகள், மெலனின் என்ற கறுப்புப் பொருளால் கிருமியைச் சுற்றி மூடிக் கொன்றுவிடும்.

இந்தக் கறுப்பை ஆரம்பத்திலேயே பார்த்தவர் ரொனால்ட் ரோஸ். 1897 ஓகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில், நுளம்பின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் கல்கத்தாவில் சில நுளம்புகளுக்குள் கறுப்பு உருக்களும் தெரிந்தன. அவற்றை ஒட்டுண்ணியின் இன்னொரு பருவம் என்று நினைத்தார். அவை நுளம்பு மெலனினால் மூடிய ஒட்டுண்ணிகள் என்பது பிற்காலத்தில்தான் விளங்கியது.

ஆனால் எங்கட நாட்டு மலேரியா வரலாற்றில் நுளம்பு வெறும் காவிதான். 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் செத்துப்போனார்கள். 1946இல் டிடிடி வந்தது. 1963இல் நாடு முழுக்க 17 நோயாளிகள் மட்டுமே. தெளிப்பைத் தளர்த்தினார்கள்; 1969இல் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. நுளம்பு டிடிடிக்குப் பழகிப்போக, 1977இல் மலத்தியோனுக்கு மாறினார்கள். போர்க்காலத்தில் நோயின் பெரும் சுமை வடக்கு கிழக்கின் தலையில்தான் விழுந்தது. ஒருவழியாக 2016 செப்டெம்பரில், இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அதே வருடம் முடிய முதல் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற இந்திய நகர நுளம்பு பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும். இலங்கையின் பழைய மலேரியா நுளம்பு, ஆற்றுப் படுக்கையில் தேங்கும் குட்டைகளில் பெருகுவது. ஸ்டீபென்சிக்கு ஆறு தேவையில்லை. கிணறும் தண்ணீர்த் தாங்கியும் போதும். ஆறில்லாத எங்கட குடாநாட்டில் வீட்டுக்கு வீடு இருப்பதே இவைதானே!

வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் மலேரியா ஆராய்ச்சிக்கு வளர்க்கும் முக்கியமான இனமும் இதே ஸ்டீபென்சிதான். மனிதரிலிருந்து நுளம்புக்கு ஒட்டுண்ணி தாவாமல் தடுக்கும் மருந்து, தடுப்பூசிகளை இதை வைத்துச் சோதிக்கிறார்கள். 2011இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், இதன் நோயெதிர்ப்பை முடுக்கும் ஒரு மரபணுவைக் கூடுதலாக இயங்க வைத்தபோது, மனித மலேரியா ஒட்டுண்ணி அதற்குள் வளருவது பெருமளவு குறைந்தது. நுளம்பைக் கொல்லாமல் நோயை நிறுத்தலாம் என்ற யோசனை இப்படித்தான் வலுப்பெற்றது.

ஆய்வுகூடத்தில் சரிவந்தது குருநகர்க் கிணத்தடியிலும் சரிவரும் என்று சொல்ல முடியாது. மாற்றிய நுளம்பை வெளியில் விட்டால் திருப்பிப் பிடிக்கவும் ஏலாது. எங்கட ஊரில் அதை விடலாமா என்று ஒருநாள் யாராவது கேட்டால், பதில் சொல்லவேண்டியது கொழும்போ ஜெனீவாவோ மட்டுமல்ல, அந்தக் கிணற்றில் தண்ணி அள்ளும் நாங்களும்தான். அதற்கு இந்தச் சண்டையைப் பற்றி இப்பவே கதைக்கத் தொடங்கவேணும். அதுவரைக்கும் தாங்கியை மூடி வைப்பம். கிணற்றில் மீன் விடுவம்.