ஒற்றைக் கண்ணும் 45 ஆட்டங்களும் - வில்லி ஓ'ரீயின் கதை

1958 ஜனவரி 18, சனிக்கிழமை இரவு. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இருந்த புகழ்பெற்ற ஃபோரம் அரங்கம். அப்போதைய சாம்பியனான மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியை எதிர்த்து அமெரிக்காவின் பாஸ்டன் புரூயின்ஸ் ஆடியது. 3-0 என்று பாஸ்டன் வென்றது. பாஸ்டன் அணிக்காக முதல்முறையாக இறங்கிய 22 வயது முன்கள வீரரின் பெயர் வில்லி ஓ'ரீ. வட அமெரிக்காவின் மிகப்பெரிய ஐஸ் ஹாக்கி போட்டித் தொடரான நேஷனல் ஹாக்கி லீக்கில் (என்.எச்.எல்) ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான்.

அவர் கறுப்பர் என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய வலது கண்ணில் பார்வை இல்லை என்பது அங்கே அவரைத் தவிர யாருக்கும் தெரியாது!

ஃபிரெடெரிக்டன் சிறுவன்

ஓ'ரீ 1935 அக்டோபர் 15 அன்று கனடாவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஃபிரெடெரிக்டன் நகரில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. அவருடைய முன்னோர் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி கனடாவுக்கு வந்தவர்கள். அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் கொல்லைப்புறத்தில் தண்ணீர் ஊற்றினாலே போதும், மைதானம் தயார். மிகச் சிறு வயதிலேயே பனியில் சறுக்கப் பழகிவிட்டார்.

ஐஸ் ஹாக்கிக்கும் நாம் பார்த்துப் பழகிய ஹாக்கிக்கும் பெயரில்தான் ஒற்றுமை. இங்கே பந்து கிடையாது. பக் எனப்படும் கடினமான ரப்பர் வட்டு. எடை சுமார் 170 கிராம்தான் என்றாலும், வேகமாக வந்தால் எலும்பை முறித்துவிடும். அந்தக் காலத்தில் வீரர்கள் தலைக்கவசம் கூட அணிவதில்லை.

கறுப்பர்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. கனடாவின் கிழக்குக் கடற்கரையில் 1895லேயே கறுப்பின வீரர்களுக்கென்று தனி லீக் தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் என்.எச்.எல் கதவு மட்டும் திறக்கவில்லை. ஹெர்ப் கார்னகி என்ற அருமையான வீரரை 1948ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் பயிற்சி முகாமுக்கு அழைத்தது. கடைசியில் கீழ்நிலை அணிகளில் ஆடுவதற்குத்தான் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அவர் மறுத்துத் திரும்பிவிட்டார். பத்து ஆண்டுகள் கழித்து ஓ'ரீ நுழைந்தபோது லீக்கில் இருந்தவை ஆறே அணிகள்தான். மொத்த இடங்களும் சுமார் 120தான்.

அந்த ஒரு அடி

1955-56 பருவத்தில் ஓ'ரீ கிச்சனர் நகர ஜூனியர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டத்தில் கோலுக்கு முன்னால் நின்றபோது, எதிலோ பட்டுத் திசைமாறி வந்த பக் முகத்தில் மோதியது. மூக்கும் கன்ன எலும்பும் உடைந்தன. வலது கண்ணில் 95 சதவீதத்துக்கும் மேல் பார்வை போய்விட்டது. இனி ஹாக்கி ஆடவே கூடாது என்றார் மருத்துவர்.

இரண்டு மாதத்துக்குள் ஓ'ரீ மீண்டும் பனித்தரையில் நின்றார். நெருங்கிய ஒரு சிலருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். காரணம், ஒரு கண் பார்வை இல்லாதவர் ஆடக்கூடாது என்பது என்.எச்.எல் விதி. வெளியே சொன்னால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

ஆனால் அந்த ரகசியத்துக்கு அவர் தினமும் விலை கொடுத்தார். அவர் ஆடியது இடது விங். இடது ஓரத்தில் முன்னேறும் வீரருக்கு மைதானம் முழுவதும் வலது பக்கத்தில்தான் இருக்கும். சக வீரர்கள் தரும் பக் அங்கிருந்துதான் வரும். மோத வரும் எதிரணி ஆளும் அங்கிருந்துதான் வருவார். ஓ'ரீக்கோ வலது பக்கம் இருட்டு. ஒவ்வொரு முறையும் தலையை முழுவதுமாக வலப்புறம் திருப்பி இடது கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குள் பக் கடந்து போயிருக்கும். இல்லையென்றால் எதிராளி வந்து மோதியிருப்பார்.

அதே 1956ல் இன்னொரு அனுபவமும் கிடைத்தது. பேஸ்பால் ஆட்டத்திலும் கெட்டிக்காரரான அவரை மில்வாக்கி பிரேவ்ஸ் அணி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த முகாமுக்கு அழைத்தது. அங்கே கழிப்பறை முதல் உணவகம் வரை வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி. தேர்வாகாமல் பஸ்ஸில் ஊர் திரும்பினார். புறப்படும்போது கடைசி வரிசையில்தான் உட்கார முடிந்தது. வடக்கே போகப் போக இருக்கை ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்தார். இனி ஹாக்கிதான் என்று அந்தப் பயணத்தில் முடிவு செய்தார்.

பாஸ்டன் நாட்கள்

1958ல் பாஸ்டனுக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடியதும் மீண்டும் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். 1960-61 பருவத்தில்தான் திரும்ப அழைத்தார்கள். 43 ஆட்டங்கள். 1961 புத்தாண்டு தினத்தில், அதே மாண்ட்ரியல் அணிக்கு எதிராக, தன் முதல் கோலை அடித்தார். 3-2 என்ற வெற்றியைத் தந்த கோல் அது. பாஸ்டன் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எல்லா ஊரிலும் அப்படி இல்லை. அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் பார்வையாளர்கள் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். சிகாகோவில் எதிரணி வீரர் ஒருவர் மட்டையின் அடிப்பகுதியால் முகத்தில் குத்தியதில் மூக்கு உடைந்தது, முன்பற்கள் இரண்டு போயின. ஓ'ரீயும் திருப்பி அடித்தார். பெயரைச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், உடம்பில் கைவைத்தால் விடக்கூடாது என்பது அவர் வகுத்துக்கொண்ட எல்லை.

அந்தப் பருவம் முடிந்ததும் பாஸ்டன் அவரை மாண்ட்ரியலுக்கு மாற்றிவிட்டது. நட்சத்திரங்கள் நிறைந்த அந்த அணியில் இடமில்லை. அதன்பின் அவர் என்.எச்.எல்லில் ஆடவே இல்லை. மொத்தம் 45 ஆட்டங்கள், 4 கோல்கள், கோலுக்கு உதவியவை 10. அவ்வளவுதான்.

வலது பக்கம் மாறியதும்...

கதை இங்கே முடிந்திருந்தால் சாதாரண வீரர் என்றே தோன்றும். ஆனால் அவர் மேற்குக் கரையில் இருந்த வெஸ்டர்ன் ஹாக்கி லீக்குக்குப் போனார். லாஸ் ஏஞ்சலஸ் பிளேட்ஸ் அணியின் பயிற்சியாளர் 1964ல் அவரை வலது விங்குக்கு மாற்றினார். கண்ணைப் பற்றித் தெரிந்து செய்த மாற்றம் அல்ல அது. ஆனால் இப்போது மைதானம் முழுவதும் இடது பக்கத்தில், நல்ல கண்ணுக்கு நேரே! அந்தப் பருவத்தில் 38 கோல்கள் அடித்தார். 1968-69ல் சான் டியாகோ கல்ஸ் அணிக்காக மீண்டும் 38. அந்த லீக்கின் அதிக கோல் பட்டத்தை இருமுறை வென்றார். 1979ல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 43.

இதே மாற்றம் பாஸ்டனில் நடந்திருந்தால்? அவர் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் ஆட்டமே போய்விடும். அவரை உள்ளே கொண்டு வந்ததும் அந்த ரகசியம்தான், உள்ளே வந்தவரைக் கட்டிப்போட்டதும் அதுதான்.

அவருக்குப் பிறகு என்.எச்.எல்லில் அடுத்த கறுப்பின வீரர் ஆடியது 1974ல்தான். மைக் மார்சன், வாஷிங்டன் கேபிடல்ஸ் அணி. ஓ'ரீயோ ஓய்வுக்குப் பின் ஓட்டல் ஒன்றில் பாதுகாப்புப் பணி கூடச் செய்தார். 1998ல்தான் என்.எச்.எல் அவரை அழைத்தது. வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு ஹாக்கி கற்றுத்தரும் திட்டத்தின் தூதராக ஊர் ஊராகச் சென்றார். 2018ல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. அதுவும் வீரர் பிரிவில் அல்ல, விளையாட்டை வளர்த்தவர்கள் பிரிவில்.

2022 ஜனவரி 18. முதல் ஆட்டம் ஆடி சரியாக 64 ஆண்டுகள். பாஸ்டன் அரங்கத்தின் கூரையில் அவருடைய 22ஆம் எண்ணை ஏற்றினார்கள். இனி அந்த அணியில் வேறு யாரும் அந்த எண்ணை அணிய முடியாது. கொரோனா காலம் என்பதால் 86 வயது ஓ'ரீ சான் டியாகோவில் இருந்தபடியே திரையில் அதைப் பார்த்தார். நான்கு கோல் அடித்தவருக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்பவர்கள், அந்த நான்கையும் எந்தக் கண்ணால் பார்த்து அடித்தார் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.